இடப்பக்கக் காவல்

வலக்கையாலைதான் கோப்பையைத் தூக்கிறார். இடக்கை மேசைக்குக் கீழை மடியிலை கிடக்குது, ஆரோ மறந்துபோய் வைச்சிட்டுப் போன சாமான் மாதிரி. நான் காணேல்லை எண்டு நினைக்கிறார். காணாமல் என்ன? ரெண்டு மாசமாய் அந்தக் கையைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறன். சேட்டுக்குத் தெறி பூட்டிறதுக்குச் சுவர்ப்பக்கம் திரும்பி நிக்கிற மனுசன், இண்டைக்கு என்ன சொல்லப்போறார்?

புனிதமலர் இதில் ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கணவனுக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். சீசா என்ற நகர்ப்பகுதியில், மூன்றாம் மாடியில் இருந்த அந்த இரண்டறை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கீழ்வீட்டுத் தக்காளிக் குழம்பின் மணம் ஏறி வரும். ஸ்ரனிஸ்லாஸ் கோப்பியைக் குடித்தார். அவர் உட்கார்ந்தால் மேசை சிறுத்துப்போகும். கதிரையும் அவருக்கென்று தனியாக வாங்கிய இரும்புக் கதிரை. இரண்டு மாதமாக விளையாடாமல் இருந்தும் உடம்பு இன்னும் குறையவில்லை. குறைந்தது அந்தக் கை மட்டும்தான்.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்த புனிதமலருக்கு ஒரு கணம் யாரென்று தெரியவில்லை. அந்த முகத்தை அந்த வாசலில் வைத்துப் பார்க்க அவளுக்குப் பழக்கமில்லை.

சிஞ்ஞோரா லெத்தீசியா மூச்சு வாங்க நின்றாள். ஒரு கையில் பொன்னிறத் தாள் சுற்றி நாடா கட்டிய இனிப்புத் தட்டு. மறு கையில், தோள்பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிட்ட சிவப்புச் சட்டை. எழுபத்துநான்காம் இலக்கம். பகேரியாவில் இருந்த சிஞ்ஞோராவின் பெரிய வீட்டில் புனிதமலர் ஒன்பது வருடமாகச் சமைக்கிறாள், துடைக்கிறாள், துவைக்கிறாள். அந்த ஒன்பது வருடத்தில் சிஞ்ஞோரா இவர்களுடைய படியில் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. சட்டையை அவளே தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். கைமடிப்பு கோணலாக விழுந்திருந்தது.

உள்ளே வரச் சொல்லி, துடைத்த கதிரையை இன்னொரு தடவை துடைத்துப் போட்டாள் புனிதமலர். அப்படிச் செய்த தன் கையை நினைத்து உடனேயே எரிச்சல் வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து நின்றார். சிஞ்ஞோரா இரு என்று சொன்ன பிறகும் நின்றார். பெண்கள் இருவரும் உட்கார்ந்தார்கள்.

வந்த காரியம் மூவருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் சிஞ்ஞோரா சுற்றி வளைத்தே வந்தாள். படி அதிகம் என்றாள். வீடு சுத்தமாக இருக்கிறது என்றாள். பிறகு அழுதாள்.

அவளுடைய மகன் கொராடோ அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவன். பெயரில்தான் கால், ஆட்டம் முழுக்கக் கைதான். பந்தை எறிகிறவன் கொராடோ. அவனுக்கு முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். எதிரிகள் பாய்ந்து வந்து கொராடோவை மண்ணில் அறையாதபடி தங்கள் உடம்பைக் குறுக்கே கொடுப்பதுதான் அந்த ஐவருக்கும் வேலை. நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் கொடுப்பவனைத் தவிர மற்றவர்கள் பந்தைத் தொடுவதில்லை. வலக்கையால் எறிகிறவனுக்கு இடப்பக்க முதுகு தெரியாது. அந்தத் தெரியாத பக்கத்தைக் காக்க ஐவரிலும் பலமானவனை நிறுத்துவார்கள். ஏழு வருடமாக அந்த இடத்தில் நின்றவர் ஸ்ரனிஸ்லாஸ்.

கழகம் சிஞ்ஞோராவின் கணவருடையது. அவர் வழக்கறிஞர். தொண்ணூறாம் ஆண்டில் ஒருநாள் வீட்டுப் பியானோவை மேல்மாடிக்கு ஏற்ற ஆள் தேவைப்பட்டபோது, புனிதமலர் தன் கணவனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஊர்காவற்றுறையில் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி மூட்டை ஏற்றி இறக்கியவர். பியானோவின் ஒரு முனையை மூன்று பேர் பிடித்தார்கள். மறு முனையை அவர் தனியே பிடித்தார். வழக்கறிஞர் படிக்கட்டின் மேல் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு ஸ்ரனிஸ்லாஸ் மைதானத்தில் நின்றார்.

சம்பளம் தந்தார்கள். கழகத்தில் சம்பளம் வாங்கியவர்கள் இரண்டு அமெரிக்கர்களும் அவரும்தான். ஆனால் இந்த நகரத்தில் தமிழன் என்ன வேலை செய்தாலும் அவனுடைய பெர்மெஸ்ஸோவில் வீட்டுவேலையாள் என்றுதான் எழுதியிருக்கும். நாட்டில் இருக்க அனுமதி தரும் அந்தத் தாளில் ஸ்ரனிஸ்லாசும் பகேரியா வீட்டில் தரை துடைக்கிறவர். வாரநாட்களில் உண்மையாகவே துடைத்தார். எழுத்துப்படி பார்த்தால் அவர் ஒருநாளும் மைதானத்தில் இறங்கியதில்லை. எழுத்துப்படி அவருடைய கழுத்தில் அடி விழவும் இல்லை, கை தொங்கவும் இல்லை.

முதல் வருடம் அவருக்கு வேலை பழக்கியவன் மத்தியூ என்ற அமெரிக்கன். தன் நாட்டில் பெரிய மைதானங்களில் இதே வரிசையில் நின்று, இரண்டு முழங்காலும் போனபிறகு இங்கே வந்தவன். நாற்பது வயதிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்குவான். சில நாட்களில் தான் நிறுத்திய கார் எந்தத் தெருவில் என்று தேடித் திரிவான். மைதானத்தில் உன் பேர் ஒருவர் வாயிலும் வராத நாள்தான் நீ ஒழுங்காக வேலை செய்த நாள், பிழை விட்டால் மட்டும்தான் ஒலிபெருக்கியில் உன்னுடைய இலக்கத்தைச் சொல்லுவார்கள் என்று அவன் விளங்கப்படுத்தியபோது, ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தாராம்.

"அது எனக்குப் பழகின வேலைதானே" என்று வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார்.

சட்டையைத் தைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவனும் மத்தியூதான். துணி தொளதொளவென்று இருந்தால் எதிரி அதைப் பிடித்து இழுத்துச் சாய்த்துவிடுவான். ஆகவே தோள்கவசத்தை மாட்டி, அதற்கு மேல் சட்டையைப் போட்டு, பிடிக்க ஒரு விரல் இடம்கூட இல்லாதபடி உடம்போடு வைத்தே தைத்துவிட வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்று ஆட்கள் இருப்பார்களாம். இங்கே புனிதமலர் இருந்தாள்.

ஆண்கள் உடை மாற்றும் அறையில் ஒரு தமிழ்ப் பெண் போய் உட்கார முடியாது என்பதால், கோடு போடும் சுண்ணாம்பை வைத்திருந்த களஞ்சிய அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஞாயிறு பூசைக்கு வராமல் இவள் மைதானத்துக்குப் போகிறாள் என்று கோயிலில் கதை வந்தது. அவள் கபோ சந்தையில் தடித்த நைலோன் நூலும், சப்பாத்துத் தைக்கிறவர்கள் வைத்திருக்கும் ஊசியும் வாங்கினாள். ஸ்ரனிஸ்லாஸ் ஒரு வாங்கில் உட்கார்ந்து இரண்டு கையையும் உயர்த்திக்கொள்வார். அவள் அக்குளிலிருந்து இடுப்புவரை இழுத்து இழுத்துத் தைப்பாள். பிறகு கைகளை. ஆட்டம் முடிந்ததும் கத்தரிக்கோலால் வெட்டி அவரை வெளியே எடுப்பாள். உள்ளே ஆவி பறக்கும். கழுத்தைச் சுற்றித் தோல் உரிந்திருக்கும்.

அந்த அறையை அவள் வெறுத்தாள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒரே வீட்டில் வேறு வேறு அறைகளைத் துடைத்துவிட்டு, ரயிலில் தூங்கி வழிந்து வீடு திரும்புகிறவர்கள். அந்த அரை மணித்தியாலத்தில் மட்டும் அவர் ஆடாமல் அசையாமல் அவளுடைய கைக்குள் இருப்பார். அவருடைய மூச்சு அவள் உச்சியில் படும். நூலைப் பல்லால் கடிக்கும்போது அவள் கன்னம் அவருடைய விலாவில் இருக்கும். கல்யாணம் முடித்த புதிதில்கூட அப்படி ஒரு நெருக்கம் வாய்த்ததில்லை. இதை நினைக்க அவளுக்கு வெட்கம் வரும். பிறகு கசக்கும். இன்னொருத்தியின் பிள்ளைக்காக அடிவாங்கப் போகும் உடம்பை அல்லவா இவ்வளவு ஆசையாகக் கட்டிக் கொடுக்கிறேன் என்று தோன்றும்.

ஊர்ச்சனம் இதைப் பகிடியாகத்தான் எடுத்தது. உணவகத்தில் வேலை செய்யும் பேரின்பநாயகம் கண்ட இடமெல்லாம் நிறுத்திக் கேட்பான். "அண்ணை, இத்தினை வருசமாய்ப் பந்து விளையாடிறீங்கள். பந்து வட்டமோ சப்பையோ, சொல்லுங்கோ பாப்பம்?" ஸ்ரனிஸ்லாசும் சேர்ந்து சிரிப்பார். இரண்டாம் வருடம் நடந்த ஒன்றைப் பேரின்பநாயகம் நேரில் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு வேறு பகிடி தேவைப்படவில்லை.

வரிசை குனிந்துவிட்டால் பந்து நகரும்வரை ஒருவரும் அசையக் கூடாது. விரல் அசைந்தாலும் குற்றம். அன்று எல்லோரும் குனிந்து நிற்க, பின்னால் வந்த கொராடோவின் வாயிலிருந்து பல்லுக்குப் போடும் ரப்பர் நழுவி, ஸ்ரனிஸ்லாசின் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுத்தார். எடுத்து, காற்சட்டையில் துடைத்து, திரும்பி இரண்டு கையாலும் நீட்டினார். சின்ன ஐயா எதையாவது கீழே போட்டால் எடுத்துக் கொடுக்கிற கை. அது பகேரியா வீட்டுக் கை. நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். எழுபத்துநான்காம் இலக்கம், முன்கூட்டி அசைந்தது என்று ஒலிபெருக்கி சொன்னது. அந்த வருடம் முழுவதிலும் அவருடைய இலக்கம் ஊருக்குக் கேட்டது அந்த ஒரு தடவைதான். சனம் கைதட்டிச் சிரித்தது. கொராடோ ரப்பரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

புனிதமலரும் அன்று சிரித்தாள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் அது நெஞ்சில் எதையோ கீறியது.

சிஞ்ஞோரா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்ரனி இல்லாத ஆட்டங்களில் கொராடோவைத் தூக்கித் தூக்கி அடித்திருக்கிறார்கள். தோளெலும்பு வீங்கியிருக்கிறது. இரவில் நித்திரை இல்லை. இன்றைக்குக் கடைசி ஆட்டம். இது முடிந்தால் அவன் மிலானோவுக்கு வேலைக்குப் போய்விடுவான், பிறகு இந்தச் சனியன் விளையாட்டே இல்லை. பாதி ஆட்டம் நின்றால்கூடப் போதும். மாலா வந்து எப்போதும்போலத் தைத்துவிட்டால் ஸ்ரனிக்கு ஒன்றும் ஆகாது.

மாலா என்றுதான் அவள் புனிதமலரைக் கூப்பிடுவாள். முழுப்பெயர் அவளுக்கு வாயில் வரவில்லை. ஒன்பது வருடமாக வரவில்லை.

"எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, மாலா. நீ பொம்பிளை. உனக்கு விளங்கும்."

பொய் அழுகை இல்லை என்று புனிதமலருக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணில் இருந்த பயம் உண்மையான பயம். அதுதான் பொல்லாதது. ஒரு பிள்ளையின் தோளெலும்பை நினைத்து அழுகிற அந்தக் கண்ணுக்கு, எதிரே நிற்கும் மனிதனின் தொங்கும் கை படவே இல்லை. பட்டிருந்தாலும் அது வேறு கணக்கு. அழுது முடித்ததும் சிஞ்ஞோரா பிரியமாகவே இன்னொன்றும் சொன்னாள். ஜூனில் ஸ்ரனியின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா, தன் கணவருக்கு அது நினைவிருக்கிறது, தன் ஆட்களை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை என்றாள். ஒப்பந்தம் இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கீழே தெருவிலிருந்து கார் ஒலி எழுப்பியது. "ஸ்ரனி" என்று கொராடோவின் குரல் கேட்டது.

ஸ்ரனிஸ்லாஸ் திரும்பினார். கழுத்து திரும்பவில்லை. கதவு திரும்புவதுபோலத் தோள், நெஞ்சு, இடுப்பு எல்லாம் ஒன்றாகத் திரும்பின. பாதி வழியில் முகம் சுருங்கியது. உடனே சிரிப்பால் அதை மூடினார்.

கூப்பிட்டவுடன் முகத்தைக் காட்ட வேண்டும் என்பது பகேரியா வீட்டுச் சட்டம். முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்வது சிஞ்ஞோராவுக்குப் பிடிக்காது. முன்வரிசையில் நிற்கிறவனுக்குச் சட்டம் வேறு: பின்னால் என்ன நடந்தாலும் திரும்பக் கூடாது. ஏழு வருடம் இரண்டு சட்டத்தையும் இரண்டு இடத்தில் வைத்துக் காப்பாற்றியவர், மாசி மாதத்தில் ஒருநாள் மாற்றி வைத்துவிட்டார். கொராடோ பந்தை எறியாமல் வைத்துக்கொண்டு, பயந்துபோய், "ஸ்ரனி" என்று கத்தினான். இவர் திரும்பினார். முன்னால் வந்தவன் நிற்கவில்லை. தலை ஒரு பக்கம் போக, உடம்பு மறுபக்கம் போக விழுந்தார். அன்று சட்டையை வெட்டி எடுத்தபோது, இடக்கை தன்னுடையது இல்லை என்று அவர் புனிதமலரிடம் சொன்னார்.

படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் பொறுமையானவர். கழுத்து எலும்பு நரம்பை நெருக்கிக்கொண்டு நிற்கிறது, இன்னொரு அடி இப்படி விழுந்தால் கை திரும்பாது, கால்களும் போகலாம் என்றார். புனிதமலர் எல்லாவற்றையும் கேட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் கடைசிச் சொல்லை மட்டும் கேட்டார். போகலாம் என்றால் போகாமலும் இருக்கலாம் தானே என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போது அவருடைய முகத்தைப் பார்த்தாள். சிஞ்ஞோரா தேடி வந்திருக்கிறாள், மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள், அழுதிருக்கிறாள். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஒப்பந்தத்துக்குப் பயந்துதான் போகிறார் என்றால் அவளால் பொறுத்துக்கொள்ள முடியும். பயம் அவளுக்கும் உண்டு. ஆனால் இது பயமில்லை. இவருக்குப் போக ஆசை.

"ஊசியை எடு, புனிதம்" என்றார் தமிழில். "போயிட்டு வருவம். பெடியன் பயந்துபோய் நிக்கிறான்."

"டொக்ரர் சொன்னது?"

"அரைவாசி ஆட்டம்தானே. நான் நிக்காட்டி அவன்ரை இடப்பக்கம் வெளியல்லோ. ஆர் நிக்கிறது?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஞ்ஞோராவும் பார்த்துக்கொண்டிருந்தாள், விளங்காத பாஷையில் தன் காரியம் முடிகிறதா என்று.

"உங்களுக்கு அந்தத் தோட்டுக் கதை நினைவிருக்கோ?" என்று கேட்டாள் புனிதமலர்.

"எந்தத் தோடு?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே தேடினார். புருவம் நெளிந்தது.

நான்கு வருடத்துக்கு முன், சிஞ்ஞோராவின் முத்துத்தோடு ஒன்று காணாமல் போனது. புனிதமலரைக் குசினியில் நிறுத்தி, மேலங்கியின் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள் சிஞ்ஞோரா. பிறகு கைப்பையை. பிறகு சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். ஸ்ரனிஸ்லாஸ் வாசலில் விளக்குமாற்றுடன் நின்றார். அதற்கு முந்திய நாள்தான் ஞாயிறு. மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் ஓரடி பின்னால் போகாமல் நின்றவர். சிஞ்ஞோரா போக வழி வேண்டுமென்று கையசைத்தாள். அவர் விலகி நின்றார். தரையைப் பார்த்தபடி, மெதுவாக, சுவரோடு ஒட்டி. அடுத்த நாள் தோடு காரின் இருக்கைக்கு அடியில் கிடந்தது. சிஞ்ஞோரா ஒரு சவர்க்காரப் பெட்டி பரிசாகத் தந்தாள். விடு, வேலை முக்கியம் என்றார் ஸ்ரனிஸ்லாஸ். அதற்குப் பிறகு அதைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. அவரும் அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார், வெட்கத்தால் வாய் திறக்கவில்லை என்று அவள் இவ்வளவு காலமும் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் ஒவ்வொரு ஞாயிறும் நூல் கோர்த்தாள்.

ஏழு வருடம் தலையில் வாங்கிய அடியில் அந்த நாள் கழன்று விழுந்துவிட்டதா? மத்தியூ காரைத் தொலைத்ததுபோல இவர் இதைத் தொலைத்துவிட்டாரா? அல்லது அடி ஒன்றும் படாமலே, அது தனக்கு நடந்ததல்ல என்பதால் மறந்துபோனாரா? இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. முதலாவது என்றால் அவரைப் பார்த்து அழ வேண்டும். இரண்டாவது என்றால் அவருடைய முகத்திலேயே விழிக்கக் கூடாது. அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே வந்தன. எது எதற்குள் முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை.

"என்னடி தோடு? இப்ப எதுக்கு அது?" என்றார் அவர். "நேரம் போகுது."

அவள் தைக்காவிட்டால் ஒட்டும் நாடாவைச் சுற்றிக்கொண்டும் இறங்கலாம். அவளுக்கு அது தெரியும். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் என்று அப்படித்தான் இறங்கினார். முதல் பாதியிலேயே கைத்துணி கிழிந்து, எதிரி அதைப் பிடித்து இழுத்து விரலை முறித்தான். அதற்குப் பிறகு அவள் கைபடாத சட்டையோடு அவர் கோட்டைத் தாண்டியதில்லை. இன்றைக்குத் தாண்டுவாரா? தாண்டினாலும் தாண்டலாம். தான் 'இல்லை' என்று சொல்லும் ஒரு சொல் அவரை நிறுத்திவிடும் என்று நினைக்கிற வயது அவளுக்குப் போய்விட்டது. ஜூன் மாதம் வரும். ஒப்பந்தம் வரும், வராமலும் போகும். தான் சொல்லப்போவது அவருடைய கழுத்துக்காகவா, அந்தக் குசினி வாசலுக்காகவா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கழுத்துக்காக என்று சொல்லிக்கொள்ள நல்லாக இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் கிடந்து எரிந்தது அந்த வாசல்தான்.

கீழே கார் மறுபடியும் ஒலித்தது. சிஞ்ஞோரா எழுந்து, சட்டையை விரித்து, மேசைக்கு மேலால் நீட்டினாள். ஸ்ரனிஸ்லாஸ், அந்தக் களஞ்சிய அறையில் செய்வதுபோலவே, இரண்டு கையையும் உயர்த்தினார். வலக்கை தலைக்கு மேலே போனது. இடக்கை தோள்மட்டத்தில் நின்று நடுங்கியது. அந்த உயரத்திலேயே அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்து தைச்சு விடு, புனிதம்."

அவள் சட்டையைச் சிஞ்ஞோராவின் கையிலிருந்து வாங்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"இல்லை. நான் தைக்கமாட்டன்" என்றாள். குரலை உயர்த்தாமல், முதலில் தமிழில் அவருக்கு. பிறகு சிஞ்ஞோராவுக்கும் விளங்கும்படி, அவளுடைய பாஷையில்.